நான்கு பக்கிள் கேட்டது ஒரு குற்றமா?

பழவேற்காட்டில் விடிந்தும் விடியாத நேரம். சேற்றிலும் ஈர மணலிலும் காலைப் பிடுங்கிப் பிடுங்கி நடந்து, உள்ளான் பறவைக் கூட்டத்துக்கு நூறடி தள்ளிக் குந்தி உட்கார்ந்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு தொலைநோக்கியை எடுக்கப் பையைத் திறந்தேன். வெல்க்ரோ, அந்த ஒட்டிப் பிரிக்கிற பட்டை. பழைய வேட்டியை நீளவாக்கில் கிழித்தாற்போல் 'பர்ர்ர்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான், மொத்தக் கூட்டமும் எழும்பி ஏரிக்கு அப்பால் போய்விட்டது. திரும்பும் வழியில் அதே பையின் இடது தோள்வார் வேரோடு பிடுங்கிக்கொண்டது. கேமரா, அதை நிறுத்தும் முக்காலி, தண்ணீர் என்று ஒன்பது கிலோ. பால்குடிப் பிள்ளையை இடுக்குவதுபோல் இடுப்பில் இடுக்கிக்கொண்டு பஸ் நிறுத்தம்வரை வந்தேன். வழியில் வலைக்காரப் பெரியவர் ஒருவர் நின்று பார்த்துவிட்டுச் சிரித்தார். நானாக இருந்தாலும் சிரித்திருப்பேன்.

வீட்டுக்கு வந்த கையோடு கத்தரிக்கோலை எடுத்து அந்தப் பையின் வயிற்றைக் கிழித்துப் பார்த்தேன். ஒன்பது கிலோவைத் தாங்க வேண்டிய வாரை மடிப்புக்குள் எவ்வளவு செருகியிருந்தார்கள் தெரியுமா? ஓர் அரிசி நீளம். அதன்மேல் ஒரே ஒரு வரித் தையல். கெட்டித் தையல் இல்லை, திருப்பித் தைக்கவும் இல்லை. ஆனால் வெளியே? எட்டு ஜிப், ரப்பரில் வார்த்த முத்திரை, மார்பு வாரில் தொங்க ஒரு விசில்! விசில் வைக்கத் தோன்றியவனுக்கு இன்னொரு வரி தைக்கத் தோன்றவில்லை. முகப்பில் பெயரை எம்பிராய்டரி செய்த நூலில் பாதியை அந்த வாரில் ஓட்டியிருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

சரி, நாமே தைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். மாதிரி தேடியபோது கண்ணில் பட்டவை வேட்டைக்காரர்களின் பைகள். நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டைப் பைக்கு வேலையில்லை, இருக்கவும் வேண்டாம். ஆனால் அமெரிக்க மலைக்காடுகளில் எல்க் மான் வேட்டைக்குப் போகிறவர்கள் சிலர் தங்கள் பையைத் தாங்களே தைத்துக்கொள்கிறார்கள். அடித்த மானின் இறைச்சியைத் துண்டுபோட்டு முதுகில் சுமந்து மலையிறங்க வேண்டியவர்கள் அவர்கள். ஆகவே சுமை தோளில் தொங்காமல் இடுப்பு வாரில் உட்காரும்படி வெட்டுகிறார்கள். முதுகுச் சட்டத்துக்கும் பைக்கும் நடுவே இறைச்சியை வைத்து இறுக்க ஒரு தட்டு விடுகிறார்கள். இன்னொரு விஷயம்தான் என்னைக் கவிழ்த்தது: கிளை உரசினால் சரசரக்காத துணியாகப் பார்த்து எடுக்கிறார்கள், வெல்க்ரோவைக் கிட்டேயே சேர்ப்பதில்லை. மானுக்குக் கேட்கக் கூடாது என்பது அவர்கள் கவலை. உள்ளானுக்குக் கேட்கக் கூடாது என்பது என் கவலை. துப்பாக்கியைக் கழித்துவிட்டால் இருவருக்கும் வேண்டியது ஒரே பை. இறைச்சித் தட்டில் என் முக்காலி அச்சடித்தாற்போல் உட்காரும்.

படத்தைக் காகிதத்தில் வரைய ஒரு ஞாயிற்றுக்கிழமை போதுமாயிருந்தது. சாமான் வாங்கப் போனேன் பாருங்கள், அங்கே பிடித்தது சனி.

முதல் கடையில், "அண்ணா, 1000 டெனியர் நைலான் துணி இரண்டு மீட்டர் வேண்டும்" என்றேன். "நைலான்தான் மேடம் இது." எத்தனை டெனியர்? "எல்லாம் ஒன்றுதான் மேடம்." எப்படி ஐயா ஒன்று? அந்த நூலில் 9,000 மீட்டரை எடுத்துத் தராசில் வைத்தால் எத்தனை கிராமோ அத்தனை டெனியர். ஆயிரம் என்றால் ஒரு கிலோ. அறுநூறு என்றால் பள்ளிக்கூடப் பைத்துணி. அரை கிலோவும் ஒரு கிலோவும் ஒன்று என்று காய்கறிக் கடையில் சொல்லிப் பாருங்கள். துணிக்கடையில் மட்டும் சொல்லலாம். கேட்ட நான்தான் வம்புக்காரி.

அடுத்த கடையில் சரியான துணி இருந்தது. பாசிப்பச்சை நிறம், தடவினால் மெத்தென்று சத்தமில்லாமல் இருந்தது. கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல. "ரோலாகத்தான் மேடம், நறுக்கித் தர மாட்டோம்." கெஞ்சினேன். மாதிரிக்கு வெட்டிய கைக்குட்டை அளவு ஒன்றைக் கையில் திணித்து அனுப்பினார். அதைத் திறந்து பார்த்துக்கொண்டே மூன்று தெரு நடந்தேன். கடைசியில் ஆட்டோ மேற்கூரை தைக்கும் அண்ணன் ஒருவர் தன் கட்டிலிருந்து இரண்டரை மீட்டர் வெட்டிக் கொடுத்தார். நிறம் கறுப்பு. போகட்டும்.

அப்புறம் தையல். புது மெஷின் ஒன்று வைத்திருக்கிறேன். வெள்ளை பிளாஸ்டிக் உடம்பு, இருபத்தொரு வகைப் பூத்தையல் போடும். வார், நாடா, இரண்டு மடிப்புத் துணி என்று வைத்ததும் நான்காவது அடுக்கில் முனகியது, ஐந்தாவதில் நின்றேவிட்டது. அடியில் நூல் குருவிக்கூடு கட்டியிருந்தது. ஊசி 'டிக்' என்று ஒடிந்து அதன் முனை என் கண்ணாடியில் பட்டுத் தெறித்தது. கண்ணாடி போடாதவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். 18-ஆம் நம்பர் ஊசி வேண்டும் என்று தெருமுனை ஃபேன்சி ஸ்டோரில் கேட்டால், "14 இருக்கிறது அக்கா, பிளவுஸுக்கு அதுவே நன்றாக இருக்கும்" என்கிறான் பையன். பிளவுஸ் என்று நான் சொன்னேனா? பெண்பிள்ளை ஊசி கேட்டால் பிளவுஸ்தானா?

கடைசியில் காப்பாற்றியது அம்மாவின் பழைய கால்மெஷின். கறுப்பு இரும்பு, மேலே தங்க எழுத்து பாதி அழிந்துபோனது, வாழ்க்கையில் ஒரே ஒரு நேர்த்தையல்தான் தெரியும். வார் முனையில் பெடலை விட்டுவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றினேன். ஒவ்வொரு குத்துக்கும் 'டொக்' என்று ஒரு சத்தம். வாரை நாலு விரற்கடை உள்ளே விட்டு, சுற்றிலும் சதுரம், நடுவில் பெருக்கல் குறி. அந்த ஒரு சதுரத்துக்கு இருபது நிமிடம் ஆனது. தோள்வாருக்குப் பழைய யோகா பாயை வெட்டி வைத்தேன். அதைத் தையலுக்குள் விடாமல் விளிம்பிலிருந்து ஒன்றரை சென்டிமீட்டர் உள்தள்ளி நிறுத்த வேண்டும் என்பதை, ஒருமுறை விட்டு, தைத்து, பிரித்துக் கற்றேன். குண்டூசியும் குத்தக் கூடாது. உட்பூச்சு உள்ள துணியில் ஓட்டை விழுந்தால் மூடாது. ஆபீஸ் காகிதக் கிளிப்புகள் பதினைந்து காணாமல் போன மர்மம் இதுதான், மேலாளர் மன்னிக்கவும்.

இதற்கு நடுவே ஆலோசனைகள். "ரங்கநாதன் தெருவில் ஐந்நூறு ரூபாய்க்குக் கிடைக்குமே" என்று அத்தை. கிடைக்கும் அத்தை, அரிசி நீளம் செருகிய வாரோடு கிடைக்கும். "இதில் போட்ட நேரத்துக்கு இரண்டு பை வாங்கியிருக்கலாம் அக்கா" என்று தம்பி. பத்து மணிநேரம் கைப்பேசியைத் தேய்க்கிறவனுக்கு என் நேரத்தின்மேல் திடீர் அக்கறை.

எல்லாம் முடிந்து பக்கிள், அதாவது வாரை மாட்டிப் பூட்டுகிற கொக்கி மட்டும் பாக்கி. இடுப்புக்கு ஒன்று, மார்புக்கு ஒன்று, மூடிக்கு இரண்டு. ஆக நான்கு. சென்னை பெரியமேட்டில் ஏறி இறங்காத கடை இல்லை. "எத்தனை குரோஸ்?" என்கிறார் ஒருவர். குரோஸ் என்றால் 144. "நான்கு" என்றதும் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, கோயில் வாசலில் செருப்போடு ஏறியவளைப் பார்ப்பதுபோல் பார்த்தார். நான்குக்கு இரட்டிப்பு விலை தருகிறேன் என்றேன், மும்மடங்கு என்றேன். "பாக்கெட்டைப் பிரித்தால் மீதியை யார் வாங்குவார்கள் மேடம்?" என்கிறார். என்னைப்போல் இன்னொரு பைத்தியம் வாங்கும் ஐயா! ஊரில் நான் ஒருத்திதானா? வார் அறுந்த பையோடு அலைகிறவர்களுக்கெல்லாம் ஆளுக்கு ஒரு பக்கிள்தானே வேண்டும்?

கடைசியாக ஒரு சந்துக்கடையில் சிறிய பாக்கெட் என்று எடுத்துப் போட்டார்கள். நூறு. வாங்கிவிட்டேன்.

போன வாரம் பையைப் பழவேற்காட்டுக்குத் தூக்கிப் போனேன். இடது தையல் கொஞ்சம் கோணல், மூடி ஒரு பக்கம் இறக்கம். வார் அசையவில்லை. உள்ளான்களும் அசையவில்லை. ஆனால் வீட்டு அலமாரியில், ஊசிநூல் இருந்த பட்டர் பிஸ்கெட் டப்பா மூட முடியாமல் பிதுங்கிக்கொண்டிருக்கிறது. அதில் தொண்ணூற்றாறு பக்கிள்கள். யாருக்காவது வேண்டுமென்றால் சொல்லுங்கள். ஒன்றொன்றாகத்தான் தருவேன்.