மூடிய ரயில் பாதையின் நிலத்தைக் கூறு போட வேண்டாம்

மூடப்பட்ட ரயில் பாதையைப் பார்க்கப் போகிறவர்களில் பெரும்பாலோர், கூரையிழந்த நிலையக் கட்டடத்தின் முன் நின்று படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். 1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடி நிலையத்தின் சுவர்களுக்குக் கிடைக்கும் கவனத்தில் ஒரு பங்குகூட, வரவு செலவுக் கணக்கைக் காட்டி ஓசையின்றி மூடப்பட்ட கிளைப் பாதைகளுக்குக் கிடைப்பதில்லை. என்னைக் கேட்டால், கட்டடங்களைவிடப் பாதை கிடந்த மண்தான் பெரிய சொத்து. பாதையை மூடியதைவிட அந்த நிலத்தைத் துண்டு துண்டாக விற்பதே பெரிய பிழை.

இரும்புச் சக்கரம் தண்டவாளத்தில் உருளும்போது ஏற்படும் எதிர்ப்பும் மிகக் குறைவு, பிடிமானமும் குறைவு. ஒரே எஞ்சின் பெரும் பாரத்தை இழுத்துச் செல்வதும், மேடு வந்தால் திணறுவதும் அதனால்தான். நூறு அடிக்கு ஓரடி ஏற்றமே சரக்கு வண்டிக்குச் சுமை என்பதால், பாதை அமைத்தவர்கள் மேட்டை வெட்டி, அந்த மண்ணைப் பள்ளத்தில் கொட்டிக் கரை எழுப்பி, வளைவுகளை நெடுந்தூரத்துக்கு நீட்டி விட்டார்கள். இத்தனை உழைப்பும் தண்டவாளத்தோடு பெயர்ந்து போய்விடுவதில்லை. செயற்கைக்கோள் படத்தில் வரப்புகளும் மனைகளும் கட்டம் கட்டமாக இருக்க, எதையும் சட்டை செய்யாமல் குறுக்கே ஓடும் மெல்லிய நீண்ட வளைவு ஒன்று தென்பட்டால், அது பழைய ரயில் கரையா என்று நேரில் போய்ப் பார்ப்பது வீண் போகாது. (வாய்க்காலாகவும் இருக்கலாம், ஆனால் வாய்க்கால் பெரும்பாலும் மேட்டைச் சுற்றிக்கொண்டு போகும்.)

நடந்து பார்த்தால், விலைபோகும் இரும்பு முதலில் மறைந்திருப்பதும், இடிக்கும் கூலிக்குக் கட்டுப்படியாகாத மதகுகளும் பாலத் தூண்களும் அப்படியே நிற்பதும் தெரியும். சில இடங்களில் தண்டவாளத் துண்டுகளே வேலிக் கம்பங்களாக நடப்பட்டிருக்கும். துருவைத் தேய்த்துவிட்டு அவற்றின் பக்கவாட்டைப் பாருங்கள்: தயாரித்த ஆலை, ஆண்டு, எடை ஆகியவை புடைப்பெழுத்தாக இருக்கும். அந்த ஆண்டு, பாதை திறந்த ஆண்டுக்கும் முந்தையதாக இருக்கக்கூடும். பிரதான பாதையில் ஓடித் தேய்ந்ததைக் கழற்றிக் கிளைப் பாதையில் போடுவது ரயில்வேக்களின் பழைய வழக்கம். கிளைப் பாதைகளைத் தொடக்கத்திலிருந்தே எந்த இடத்தில் வைத்திருந்தார்கள் என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை.

பிரிட்டனில் 1963இல் வெளியான பீச்சிங் அறிக்கை சுமார் 5,000 மைல் பாதையை மூடப் பரிந்துரைத்தது. ஸ்காட்லாந்தின் எடின்பரோவிலிருந்து தெற்கே சென்ற வேவர்லி பாதை 1969இல் மூடப்பட்டது. அதில் எடின்பரோ முதல் ட்வீட்பேங்க் வரையிலான சுமார் 30 மைல், 2015இல் மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் நகரின் புறவழிச்சாலை பழைய தடத்தைக் குறுக்கே வெட்டியிருந்ததால், அவ்விடத்தில் பாதையைப் புதிதாக அமைக்க வேண்டியிருந்தது. ஒரே ஓர் இடத்தில் தொடர்ச்சி அறுந்தாலும் பின்னால் வருபவர்கள் அதற்கு விலை கொடுக்க வேண்டியிருக்கிறது.

அமெரிக்கா 1983இல் கொண்டுவந்த சட்டத் திருத்தம் இவ்விஷயத்தில் புத்திசாலித்தனமானது. கைவிடப்படும் பாதையை நடைபாதையாகவோ மிதிவண்டிப் பாதையாகவோ பயன்படுத்தலாம். பின்னாளில் ரயில் தேவைப்பட்டால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

நிலத்தைச் சும்மா போட்டு வைத்தால் ஆக்கிரமிப்பு வரும் என்ற வாதத்தில் நியாயம் உண்டு. அதற்காக விற்றுவிட வேண்டியதில்லை; நிரந்தரக் கட்டடம் கூடாது என்ற நிபந்தனையோடு குத்தகைக்கு விடலாம், நடப்பவர்களுக்குத் திறந்துவிடலாம். பழைய பாலங்களையும் சுரங்கங்களையும் பொறியாளர்கள் சோதிக்காமல் அங்கே யாரையும் அனுமதிக்கக் கூடாது. அந்தச் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொண்டுதான் இதைச் சொல்கிறேன்.