மின்னஞ்சல் பார்க்க மட்டுமே

(சித்தப்பா தம்முடைய மடிக்கணினியை அண்ணன் மகள் நித்யாவுக்கு விற்க முன்வந்திருக்கிறார். வெளியார் விற்பதாக இருந்தால் முகத்துக்கு நேரே கேட்டுவிடலாம். உறவுக்குள் பழைய பொருள் கைமாறும்போது சந்தேகத்தைக்கூட மரியாதையோடுதான் வெளியிட வேண்டியிருக்கிறது. கணினி மேசைமேல் திறந்திருக்கிறது. சித்தப்பா அதன் ஒரு மூலையில் வைத்த கையை எடுக்காமலே பேசுகிறார்.)

சித்தப்பா: வா அம்மா, உட்கார். வெளியில் நான்கு பேர் கேட்டார்கள். பொருள் நம் குடும்பத்துக்குள்ளேயே இருக்கட்டும் என்று ஒருவருக்கும் கொடுக்கவில்லை. என் ஒருவன் கை மட்டுமே பட்ட கணினி, அதுவும் மின்னஞ்சல் பார்க்க மட்டுமே பயன்பட்டது.

நித்யா: மிக்க மகிழ்ச்சி, சித்தப்பா. (அடிப்பகுதியைத் தொட்டுப் பார்த்து) ஆனால் இது இப்போதே சூடாக இருக்கிறதே?

சித்தப்பா: நீ வந்து காத்திருக்கக் கூடாதே என்று முன்கூட்டியே இயக்கி வைத்தேன்.

நித்யா: அந்த அன்புக்கு நன்றி. இருந்தாலும் இதை முழுவதுமாக அணைத்து ஆறவிட்டு, பிறகு என் கண்முன்னே ஒருமுறை இயக்கிக் காட்டுங்கள். ஆறிய நிலையில் அடம்பிடித்து, பொத்தானை மூன்றாம் முறை அழுத்திய பிறகே எழுந்து, அதன்பின் நாள் முழுவதும் ஒழுங்காக ஓடுகின்ற கணினிகள் உண்டு. விற்பவர் முன்பே இயக்கி வைத்துவிட்டால், வாங்குபவருக்கு அந்தக் குணம் வீட்டுக்குக் கொண்டுபோன பிறகுதான் தெரியவரும்.

சித்தப்பா: பெற்ற மகளைப் போல நினைக்கிறேன், நீ என்னையே சந்தேகிக்கிறாயா?

நித்யா: ஐயோ, உங்களை இல்லை. இது ஆறும்வரை கீலைப் பார்க்கலாம். (திரையின் மேல் விளிம்பை ஒரு மூலையில் பிடித்து மெதுவாகச் சாய்க்கிறாள். எங்கோ 'நறுக்' என்கிறது.) இது என்ன சத்தம்?

சித்தப்பா: திறந்துவிட்டது என்பதற்கு அடையாளம். எனக்குக் காது கொஞ்சம் மந்தம் என்பதால் அது எனக்கு வசதியாகவே இருக்கிறது.

நித்யா: கீலைப் பிடித்திருக்கும் திருகாணிகள், பிளாஸ்டிக்கில் பதித்த சிறிய பித்தளை மரைகளில்தான் இறங்கியிருக்கும். நாளடைவில் கீல் இறுகிப்போனால், திரையைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அந்த விசை முழுவதும் பிளாஸ்டிக்கின் மேல் விழுந்து, மரைகள் வேரோடு பெயர்ந்துவிடுகின்றன. திரைக்குப் படம் கொண்டுபோகும் கேபிளும் கீலை ஒட்டியே போவதால், அடுத்து அதுவும் நைந்துபோகும். அப்புறம் சில கோணங்களில் மட்டும் படம் நடுங்கும்.

சித்தப்பா: அந்தக் கவலையே உனக்கு வேண்டாம். படம் நிற்கும் கோணத்தை நான் சுவரில் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறேன். நீ வாங்கும்போது அளந்து சொல்லிவிடுகிறேன்.

(நித்யா சுவரைப் பார்க்கிறாள். அங்கே நான்கு கோடுகள் இருக்கின்றன. நான்காவதே புதியது.)

சித்தப்பா: (பேச்சை மாற்றி) முதலில் இந்த ஸ்டிக்கரைப் பார். ஐ7! ஐ5 வைத்திருப்பவன்கூட என்னைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறான்.

நித்யா: அந்த ஏழுக்குப் பின்னால் வரும் எண்ணை யாரும் படிப்பதில்லை, சித்தப்பா. இது ஐ7-4600யு. முதலில் நிற்கும் 4 என்பது நான்காம் தலைமுறையைக் குறிக்கிறது; இந்த ப்ராசசர் சில் வெளிவந்த ஆண்டு 2013. இதற்குள் இருப்பவை இரண்டே கோர்கள், அதாவது வேலையைப் பகிர்ந்து செய்யும் மையங்கள். எட்டாம் தலைமுறையைச் சேர்ந்த ஐ5-8250யு சில்லில் நான்கு கோர்கள் இருக்கின்றன. உங்களைப் பார்த்துப் பெருமூச்சு விட்டவரிடம் எந்த ஐ5 இருக்கிறது என்று விசாரியுங்கள். அது வேறு காரணத்துக்காக விட்ட பெருமூச்சாகவும் இருக்கலாம்.

சித்தப்பா: எண்ணில் என்ன இருக்கிறது? விண்டோஸ் ஓடுகிறது அல்லவா?

நித்யா: ஓடுவது விண்டோஸ் 10. அதற்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெல் ப்ராசசர் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் அனுமதி, டி.பி.எம். 2.0 பாதுகாப்புச் சில்லும் வேண்டும். குறுக்குவழியில் ஏற்றுபவர்கள் இருக்கிறார்கள். லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக்கொண்டால் இந்தச் சில்லே இன்னும் சில காலம் உழைக்கும். அதற்கேற்ற விலையாக இருந்தால் நான் மறுக்க மாட்டேன். சரி, ஆறிவிட்டது. இயக்கலாமா?

(பொத்தானை அழுத்திவிட்டு எஃப்2 விசையைத் தட்டுகிறாள். நீலத் திரை ஒன்று வந்து கடவுச்சொல் கேட்கிறது.)

நித்யா: விண்டோஸுக்கு முன்பே எழும் அடிப்படை நிரலான பயாஸுக்கு சூப்பர்வைசர் கடவுச்சொல் போட்டிருக்கிறது. என்ன கடவுச்சொல்?

சித்தப்பா: அதுவா? அந்த அலுவலகத்துக்காரர்கள் அதை யாருக்கும் சொல்லாமலே ஏலம் விட்டுவிட்டார்கள்.

நித்யா: எந்த அலுவலகத்துக்காரர்கள், சித்தப்பா?

(சிறிது மௌனம்.)

சித்தப்பா: ஒரு கை என்று நான் சொன்னது என் வலது கையை.

நித்யா: ஏலத்தில் எடுத்ததில் தவறே இல்லை, நல்ல பழைய கணினிகள் பலவும் அப்படி வருபவைதான். ஆனால் இந்தப் பூட்டோடு வாங்கினால், வேறு இயங்குதளம் ஏற்றுவதற்கான அமைப்புகளை என்னால் மாற்ற முடியாமல் போகலாம்.

சித்தப்பா: உள்ளே இருக்கும் பொத்தான் பேட்டரியைக் கழற்றி வைத்தால் மறந்துவிடும் என்றார்களே?

நித்யா: மேசைக் கணினிகள் பலவற்றில் மறக்கும். அலுவலக வகை மடிக்கணினிகள் பலவற்றில் அந்தச் சொல், மின்சாரமே இல்லாவிட்டாலும் அழியாத தனிச் சில்லில் பதிந்திருக்கும். மதர்போர்டை மாற்றும் அளவுக்குச் செலவு வைத்துவிடும். இதைவிட மோசமானதும் உண்டு: நிறுவனத்தின் பெயரில் பதிவு செய்த கணினி, விண்டோஸைப் புதிதாக ஏற்றினாலும் இணையத்தில் சேர்ந்தவுடன் அந்த நிறுவனத்தின் பெயரைச் சொல்லி, அலுவலக மின்னஞ்சலைக் கேட்கும். ஆப்பிள் கணினி என்றால் முந்தையவரின் கணக்குப் பூட்டு நீங்கியிருக்கிறதா என்று பணம் கொடுப்பதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். அடியில் ஒட்டியிருக்கும் வரிசை எண்ணும் பயாஸ் காட்டும் வரிசை எண்ணும் ஒன்றாக இல்லை என்றால், நான் காரணம்கூடக் கேட்காமல் எழுந்து போய்விடுவேன்.

(விண்டோஸ் எழுகிறது. நித்யா ஒரு பென் டிரைவைச் செருகி, கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற சிறு நிரலைத் திறக்கிறாள்.)

நித்யா: இந்த ஹார்டு டிஸ்க் இதுவரை ஓடிய நேரம் 21,000 மணி. இரவு பகல் நிறுத்தாமல் ஓடினாலும் 875 நாள்கள். எத்தனை மின்னஞ்சல் பார்த்தீர்கள்?

சித்தப்பா: குறைவுதான். பதில் எழுதுவதற்கு முன் மிகவும் யோசிப்பேன்.

நித்யா: மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கையும் காட்டுகிறது. வட்டில் சில பகுதிகள் கெட்டுப்போய், கையிருப்புப் பகுதிகள் அவற்றின் இடத்துக்கு வந்திருக்கின்றன. ஆனால் இதற்காக நான் கணினியையே ஒதுக்க மாட்டேன். விலையில் கழித்துக்கொண்டு சுழலும் வட்டு இல்லாத எஸ்.எஸ்.டி. சேமிப்பகம் ஒன்றைப் போட்டுக்கொள்வேன். ஃபேனில் அடைந்த தூசியும், ப்ராசசரின் மேல் காய்ந்துபோன வெப்பம் கடத்தும் பசையும் இதே கணக்குதான். அரை மணி நேரம் கனமான வேலை கொடுத்து, வேகம் சரிகிறதா என்று டாஸ்க் மேனேஜரில் பார்த்துக்கொண்டால் போதும். இப்போது கீபோர்டு. (நோட்பேடைத் திறந்து ஒவ்வொரு விசையாகத் தட்டுகிறாள்.) ஒரு விசை மட்டும் வேலை செய்யவில்லை என்றால் தூசியாக இருக்கலாம். இங்கே அடுத்தடுத்து ஐந்து விசைகள் செத்திருக்கின்றன. இது திரவம் சிந்தியதன் அறிகுறி.

சித்தப்பா: சிந்தியது வெறும் தண்ணீர்தான், அதுவும் காய்ச்சி வடிகட்டியது.

(நித்யா பதில் சொல்லாமல் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து, 'பவர்சிஎஃப்ஜி' என்று தட்டி, ஓர் இடைவெளியும் ஒரு சாய்கோடும் விட்டு 'பேட்டரிரிப்போர்ட்' என்று சேர்க்கிறாள். ஓர் அறிக்கை உருவாகிறது.)

நித்யா: இதோ பாருங்கள். புதிதாக இருந்தபோது இந்த பேட்டரியின் கொள்ளளவு 50,000 மில்லிவாட் மணி. இப்போது முழுவதும் சார்ஜ் ஏறினாலும் 19,000-ஐத் தாண்டுவதில்லை. அதாவது 38 விழுக்காடு. விண்டோஸ் 8 அல்லது அதற்குப் பிந்தையது உள்ள எந்த மடிக்கணினியிலும் இந்த ஒற்றைக் கட்டளை போதும், ஆனால் கடையில் நின்று இதைத் தட்டிப் பார்ப்பவர்கள் அபூர்வம். சரி, நான் வந்ததிலிருந்து இந்த மூலையையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்களே, கை வலிக்கவில்லையா?

சித்தப்பா: பாசம், அம்மா. பிரியப் போகிறோம் அல்லவா?

(கையை எடுக்கிறார். கணினி ஒரு பக்கமாகச் சாய்ந்து ஆடுகிறது.)

சித்தப்பா: மேசை சமமில்லை.

(நித்யா கணினியைத் தரையில் வைக்கிறாள். அங்கேயும் ஆடுகிறது.)

சித்தப்பா: தரையும் சமமில்லை. கொத்தனார் அவசரக்காரர்.

நித்யா: டச்பேட் மேடு தட்டியிருப்பதும் கொத்தனார் வேலைதானா? அழுத்தினால் இறங்கவே இல்லையே.

சித்தப்பா: அதற்காகத்தான் மவுஸை இலவசமாகத் தருகிறேன்.

நித்யா: (குரல் மாறி) சித்தப்பா, விளையாட்டு போதும், சார்ஜரைப் பிடுங்குங்கள். லித்தியம் அயான் பேட்டரி கெடும்போது அதற்குள் வாயு சேர்ந்து உறை உப்பிக்கொள்கிறது. அதுதான் மேலே டச்பேடையும் கீழே அடித்தட்டையும் தள்ளிக்கொண்டு நிற்கிறது. இந்த நிலையில் இதற்குச் சார்ஜ் ஏற்றவே கூடாது. குத்தவோ அழுத்தவோ கூடாது, தீப்பற்றும்.

சித்தப்பா: அழுத்தவும் கூடாதா? அடங்கட்டும் என்று அதன் மேல் பெரிய அகராதியை வைத்து, அகராதியின் மேல் உன் சித்தியின் தையல் இயந்திரத்தையும் வைத்திருந்தேனே.

(நித்யா நாற்காலியோடு பின்னுக்கு நகர்கிறாள்.)

நித்யா: இதை முதலில் அணைத்துவிட்டு, எரியும் பொருள் எதுவும் பக்கத்தில் இல்லாத இடத்தில் வைத்து, பழுது பார்க்கத் தெரிந்தவரிடம் பேட்டரியைக் கழற்றச் சொல்லுங்கள். கழற்றியதைக் குப்பைத் தொட்டியில் போடாமல் மின்கழிவு வாங்குபவர்களிடம் கொடுங்கள். மற்ற எல்லாவற்றையும் விலையில் பேசியிருக்கலாம். பூட்டும் கீலும் சேர்ந்துகொண்டால் பேசுவதற்கு விலையே மிஞ்சாது.

சித்தப்பா: (பெருமூச்சுடன்) இதை விற்ற பணத்தில் நானே வேறொரு பழைய கணினி வாங்குவதாக இருந்தேன். எனக்கு எது பொருந்தும் என்று நீயே சொல்லிவிடு.

நித்யா: பளபளப்பைப் பார்க்காமல், திங்க்பேட், லாட்டிட்யூட், எலைட்புக் போன்ற அலுவலக வரிசைகளில் தேடுங்கள். குத்தகைக் காலம் முடிந்ததும் நிறுவனங்கள் மொத்தமாக அவற்றை வெளியே விடுவதால் உதிரி பாகங்கள் எளிதில் கிடைக்கின்றன. பழுது பார்க்கும் கையேட்டையும் தயாரிப்பாளர்களே வெளியிட்டிருக்கிறார்கள். எட்டாம் தலைமுறைக்குக் கீழே இறங்க வேண்டாம். ரேம் மதர்போர்டோடு பற்றவைத்ததா, கழற்றி மாற்றக்கூடியதா என்று கேளுங்கள். பற்றவைத்தது என்றால் பின்னால் கூட்டிக்கொள்ள முடியாது. மதர்போர்டோடு பற்றவைத்த 32 ஜி.பி. இ.எம்.எம்.சி. சேமிப்போடு வரும் மலிவு ரகங்களைக் கையால்கூடத் தொடாதீர்கள். விண்டோஸ் ஒருமுறை புதுப்பித்துக்கொள்ளவே அவற்றில் இடம் இருப்பதில்லை.

சித்தப்பா: ஒன்று பேசி வைத்திருக்கிறேன், நாளைக்குப் பார்க்கப் போகிறேன். நீயும் பென் டிரைவை எடுத்துக்கொண்டு கூட வந்தால் எனக்குத் தைரியமாக இருக்கும்.

நித்யா: கட்டாயம் வருகிறேன். விற்பவர் யார்?

சித்தப்பா: உன் அப்பாதான்.

நித்யா: (எழுந்து பையை மாட்டிக்கொண்டு) அப்படியானால் நாளைக்கு எனக்கு வேறு வேலை இருக்கிறது, சித்தப்பா. அந்தக் கணினியின் கீலுக்குப் போன வாரம் பசை தடவிக் கொடுத்ததே நான்தான்.

சித்தப்பா: பசையா? எந்தப் பக்கத்துக் கீலுக்கு?

நித்யா: பெற்ற தகப்பனைக் காட்டிக்கொடுக்க என்னால் முடியாது. திறக்கும்போது வலது மூலையை மட்டும் பிடிக்காதீர்கள்.