உண்மை விளக்கம்: ஒரு பக்கம் மேலே நின்றால் அறுவை சிகிச்சை தோல்வியா?

"மார்பக இம்பிளான்ட்டை (மார்பகத்துக்குள் வைக்கும் செயற்கைப் பை) மாற்றிய பிறகு மூன்றாவது வாரத்தில் இரு பக்கமும் ஒரே மாதிரி இல்லையென்றால் தவறு நடந்துவிட்டது, உடனே மறுபடி திறக்க வேண்டும்" என்று ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு.

இம்பிளான்ட்டை மாற்றும் இந்த மறு அறுவையில் இரண்டு பக்கமும் ஒரே அளவு வேலை நடப்பதில்லை. இம்பிளான்ட்டைச் சுற்றி உடல் கட்டியெழுப்பும் தழும்பு உறை ஒரு பக்கம் தடித்து இறுகியிருந்தால், அங்கே அதிகம் வெட்டி எடுக்க வேண்டிவரும். அந்தப் பக்கம்தான் அதிகம் வீங்கும், மெதுவாக இறங்கும். கண்ணாடியில் ஒரு பக்கம் மேலே ஏறி, உருண்டு, விறைப்பாகத் தெரிவது பெரும்பாலும் இதனால்தான். பல மாதங்கள் கழித்தே உண்மையான வடிவம் தெரியும். அப்புறமும் சிறு வித்தியாசம் மிஞ்சலாம்; அறுவைக்கு முன்பும் யாருக்கும் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோல் இருப்பதில்லை. பயந்துபோய், மருத்துவரைக் கேட்காமல் அழுத்தித் தேய்க்காதீர்கள், தயவுசெய்து.

சரி, எப்போது காத்திருக்கக் கூடாது? ஒரு பக்கம் மட்டும் சில மணி நேரத்தில் திடீரென வீங்கி இறுகினால் உள்ளே ரத்தம் கட்டியிருக்கலாம். சிவந்து, சூடாகி, காய்ச்சல் வந்தால் தொற்றாக இருக்கலாம். இரண்டுக்கும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஆண்டுகள் கழித்து ஒரு பக்கம் புதிதாக வீங்கினாலும் பரிசோதனை அவசியம்.