தீபாவளி நெரிசல் தானாக வருவதில்லை

வருடா வருடம் தீபாவளிக்குக் கொஞ்ச நாள் முன்னால் எங்கள் ஆபீஸில் ஒரு மெயில் சுற்றி வரும். "எதிர்பாராத டிமாண்ட் காரணமாக" என்று ஆரம்பிக்கும். எதிர்பாராததாம்! பஞ்சாங்கத்தில் எப்போதோ அச்சடித்துவிட்ட தேதி அது.

வீடு பெங்களூர் அல்சூரில். வேலை ஹொஸ்கோட்டே பக்கம் ஒரு குடோனுக்கு. எத்தனை குக்கர், எத்தனை மிக்ஸி, எந்த வாரம் வந்து இறங்க வேண்டும் என்று கணக்குப் போடுகிற வேலை. இதில் இருந்துகொண்டே சொல்கிறேன்: பண்டிகைக் கூட்டத்தில் பெரும்பகுதி மக்கள் உண்டாக்குவதில்லை, விற்கிற நாம்தான் உண்டாக்குகிறோம். இரண்டு மாதத்தில் நிதானமாக வாங்கக்கூடிய ஜனங்களை ஆஃபர் என்ற பெயரில் நாலைந்து நாளுக்குள் தள்ளிவிட்டு, அப்புறம் லாரி இல்லை, ஆள் இல்லை, அட்டைப் பெட்டி இல்லை என்று புலம்புகிறோம்.

அட்டைப் பெட்டி என்பது சும்மா பேச்சுக்குச் சொன்னதில்லை. சீசனில் முதலில் தீர்ந்துபோவது சரக்கு அல்ல. பெட்டி, டேப், லேபிள் ரோல், அதைவிட முக்கியமாக லாரி பின்பக்கமாக வந்து நிற்கிற இடம். உள்ளே சரக்கு மலை மாதிரி இருக்கும், வெளியே லாரிகள் வரிசையில் நிற்கும், லாரி காத்து நிற்பதற்கான ஹால்டிங் சார்ஜ் ஏறிக்கொண்டே போகும், டிரைவர் டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டு செக்யூரிட்டியிடம் "எப்பண்ணே கூப்பிடுவாங்க?" என்று கேட்டுக்கொண்டிருப்பார். சரக்கு பற்றாக்குறை என்று பேப்பரில் வருவதில் பாதி இந்த வாசல் நெரிசல்தான்.

தேதி விஷயத்திலும் ஒரு கூத்து உண்டு. தீபாவளி 2023-ல் நவம்பர் 12, 2024-ல் அக்டோபர் 31, 2025-ல் அக்டோபர் 20. நம் கம்ப்யூட்டரோ போன அக்டோபரை இந்த அக்டோபரோடு ஒப்பிட்டு "விற்பனை பாய்ச்சல்" என்று பச்சை அம்பு காட்டும். பாய்ச்சலும் இல்லை, ஒன்றும் இல்லை. பண்டிகை மாதம் மாறி வந்திருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் அந்த அம்பைப் பார்த்து நவம்பருக்கும் அதே அளவு ஆர்டர் போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இதற்கெல்லாம் பழைய பாடம் இருக்கிறது. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜே ஃபாரஸ்டர் 1961-லேயே எழுதிவிட்டார்: கடையில் சின்னதாக அசைவது, மொத்த வியாபாரி, கம்பெனி, தொழிற்சாலை என்று மேலே போகப் போகப் பெரிய ஆட்டமாகிவிடும். ப்ராக்டர் அண்ட் கேம்பிள் கம்பெனியின் டயபர் கதை இன்னும் பிரபலம். குழந்தைகள் ஒரே சீராகத்தான் டயபரை நனைக்கின்றன. ஆர்டர்கள் மட்டும் ஏறி இறங்கின. நம் ஊரில் எப்படி நடக்கும் என்றால், கடைக்காரருக்கு 10 குக்கர் வேண்டும். "சார்ட்டேஜ் வரப்போகுது" என்று யாரோ சொன்னதும் 20 கேட்பார். எப்படியும் பாதிதான் தருவார்கள் என்ற கணக்கு. அவருக்கு மேலே இருப்பவரும் அதே கணக்கைப் போடுவார். பண்டிகை முடிந்த மறுநாள் எல்லோரும் ஒன்றாக ஆர்டரை கேன்சல் செய்வார்கள்.

2025-ல் நடந்ததைப் பாருங்கள். ஜிஎஸ்டி குறையப்போகிறது என்று ஆகஸ்ட் 15 அன்று செங்கோட்டையிலிருந்து பிரதமர் சொன்னார். எதற்கு எவ்வளவு என்று கவுன்சில் முடிவு செய்தது செப்டம்பர் 3. அமலுக்கு வந்தது செப்டம்பர் 22, நவராத்திரி முதல் நாள். வரி குறைந்தது நல்லதுதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் நடுவில் விநாயகர் சதுர்த்தியும் ஓணமும் வந்து போயின. 28 சதவீதம் 18 ஆகப்போகிறது என்று தெரிந்த பிறகு எவன் பெரிய டிவியும் ஏசியும் வாங்குவான்? ஓணம் சீசனை நம்பிச் சரக்கு அடுக்கியவர்கள் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். மிக்ஸிக்கு ஏற்கெனவே 18தான், மாற்றமே இல்லை. அதையும் வாங்காமல் காத்திருந்தார்கள்! அப்புறம் 22-ம் தேதி அணை திறந்தது. பழைய விலை ஒட்டிய பெட்டிகள், புது விலை, காத்திருந்த கூட்டம், நவராத்திரி ஆஃபர் எல்லாம் ஒரே நாளில். கூட்டத்தை ஒரு தேதிக்குள் அடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடப் பெரிய சோதனையை யாரும் நடத்த முடியாது.

இதற்கு நேர்மாறான ஆளை எங்கள் அல்சூர் பஜாரிலேயே காட்டுவேன். பூஜை சாமான் கடை வைத்திருக்கும் ஒரு அண்ணன். ஆயுத பூஜைக்குப் பூசணிக்காயும் வாழைக்கன்றும் போடுவார். பெங்களூரில் அன்றைக்கு வண்டிக்கு வண்டி பூசணி உடையும், தெரியும்தானே. இவர் பத்து நாள் முன்னாலேயே ஆட்டோ ஸ்டாண்டு, டூவீலர் மெக்கானிக் கடை, லேத் பட்டறை என்று ஒரு சுற்று வருவார். "போன வருஷம் மாதிரியே போடட்டுமா?" ஆமாம் என்றால் கையில் கொஞ்சம் அட்வான்ஸ். நோட்டில் பெயர். அவ்வளவுதான் அவருடைய சாஃப்ட்வேர். "கேட்டா சொல்லிடப் போறாங்கம்மா, இதுல என்ன இருக்கு" என்கிறார். பூஜைக்கு மறுநாள் கே.ஆர். மார்க்கெட் பக்கம் போனால் விற்காத வாழைக்கன்றும் பூசணியும் ரோட்டோரம் குவிந்து கிடக்கும், மாநகராட்சி லாரி வந்து அள்ளும். அண்ணன் கடையில் மிஞ்சுவது கொஞ்சம்தான்.

நாங்கள் கேட்பதில்லை. கேட்காதது மட்டுமில்லை, ஒளிக்கிறோம். ஆஃபர் எந்தத் தேதி, எவ்வளவு தள்ளுபடி என்பதை, போட்டிக் கம்பெனிக்குத் தெரிந்துவிடும் என்று கடைசி வரை சரக்கு அனுப்புகிறவருக்கே சொல்வதில்லை. அவர் குருட்டாம்போக்கில் தயாரிக்கிறார்.

இந்த அவசரத்துக்கு விலை கொடுப்பது ஆட்கள். குடோனில் வேலை பார்ப்பவர்களில் நிறையப் பேர் பீகார், ஒடிசா, அசாம் பிள்ளைகள். தீபாவளி முடிந்து ஆறாம் நாள், பீகார்க்காரர்களின் பெரிய பண்டிகையான சட் பூஜை. பீகார் பிள்ளைகள் கிளம்பிவிடுவார்கள். சரியாக அந்த வாரம்தான் ரிட்டர்ன் சரக்கு வந்து குவியும். நாமக்கல் டிரைவருக்கும் தீபாவளி உண்டு, அவரும் வீட்டுக்குப் போகத்தான் பார்ப்பார். ஓசூர் எல்லையை ஒட்டிய அத்திப்பள்ளியை நாம் மறந்திருக்க மாட்டோம். 2023 அக்டோபர் 7, பட்டாசு குடோனில் தீ. அன்றே 14 பேர் இறந்தார்கள், பிறகு எண்ணிக்கை கூடியது. தருமபுரி, கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து சீசன் வேலைக்கு வந்த பையன்கள், அதில் படித்துக்கொண்டிருந்தவர்களும் உண்டு. ஒரு மாதத்து வியாபாரத்தை ஒரே இடத்தில் அடுக்கி, அனுபவம் இல்லாத கைகளை வைத்து இறக்கினால் எங்கே போய் முடியும் என்று அதற்கப்புறமும் நாம் பேசவில்லை. டெலிவரி ஆட்களுக்காகக் கர்நாடகா 2025-ல் சட்டம் கொண்டுவந்தது, அவர்களுக்குக் கொடுக்கும் தொகையில் 1 முதல் 5 சதவீத அளவுக்குக் கம்பெனிகள் தனியாக நல நிதிக்குக் கட்ட வேண்டும் என்று. வரவேற்கிறேன். குடோனுக்குள் காண்ட்ராக்டில் நிற்கிறவர்கள் கதை வேறு.

மார்க்கெட்டிங் நண்பர்கள் சண்டைக்கு வருவார்கள்: கூட்டம் இல்லாமல் பண்டிகை வியாபாரம் ஏது? அவர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. பீன்யா, பொம்மசந்திரா தொழிற்பேட்டைகளில் போனஸ் கைக்கு வந்தால்தான் பல வீடுகளில் துணியே எடுப்பார்கள். அந்தக் கூட்டத்தை நம்மால் மாற்ற முடியாது, மாற்றவும் வேண்டாம். ஆனால் மிக்ஸிக்கு எதற்கு நள்ளிரவு 12 மணி ஆஃபர்? ஒரே விலையை நாலு வாரத்துக்கு வைக்கலாம். பத்து நாள் கழித்து வாங்கிக்கொள்கிறேன் என்பவருக்கு இன்னும் நூறு ரூபாய் குறைக்கலாம். பாதிப் பேர் சரி என்றுதான் சொல்வார்கள் என்பது என் ஊகம். கேட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

2026 தீபாவளி நவம்பர் 8. இதை வைத்து இப்போதே ஒரு மீட்டிங் போடச் சொல்லிக் கேட்டேன். பொங்கல் லீவு முடியட்டும் என்கிறார்கள்.