கொலராடோ மட்டும் அமெரிக்கா இல்லை

"அமெரிக்காவில் படிக்காமலே யாரும் இறுதிச் சடங்கு நிலையம் நடத்தலாம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது தவறு. கொலராடோ மாநிலம் மட்டும் 1983-இல் உரிம முறையையே நீக்கியது. 2023-இல் அந்த மாநிலத்தின் பென்ரோஸ் ஊரில் ஓர் இறுதிச் சடங்கு நிலையத்தின் கட்டடத்துக்குள் சுமார் 190 உடல்கள் அழுகிக் கிடந்தது தெரியவந்தது. அப்புறம் 2024-இல் சட்டம் போட்டார்கள். 2027 முதல் அங்கேயும் உரிமம் கட்டாயம்.

மற்ற மாநிலங்களில் பெரும்பாலும் கல்லூரிப் படிப்பு, தேசியத் தேர்வு, கூடவே மூத்தவர் ஒருவரிடம் பயிற்சி, பொதுவாக 1 முதல் 3 ஆண்டு வரை. சிதைந்த முகத்தைச் சரிசெய்ய மெழுகில் மூக்கும் காதும் வடிப்பதை வகுப்பிலேயே கற்றுக்கொள்ளலாம். சரி, மகனின் உடலைப் பார்க்க வரும் தாயிடம் முதலில் என்ன சொல்வது? அது மூத்தவர் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் வரும். அந்தப் பயிற்சியே கிடையாது என்று எழுதுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.