நந்தம்பாக்கம் போர்க் கல்லறையில் இருப்பவர்கள் எம்டன் குண்டுக்கு இறந்தவர்கள் அல்ல

"1914-இல் எம்டன் கப்பல் சென்னையில் குண்டு வீசியபோது இறந்த ஆயிரம் வெள்ளைக்காரச் சிப்பாய்களை நந்தம்பாக்கத்தில் புதைத்திருக்கிறார்கள்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இது தவறு.

ஜெர்மன் போர்க்கப்பலான எம்டன் 1914 செப்டம்பர் 22 இரவு குண்டு வீசியது உண்மை. எரிந்தவை துறைமுகத்தருகே இருந்த எண்ணெய்த் தொட்டிகள்; உயிரிழந்தவர்கள் ஒரு சிலரே.

மவுண்ட்–பூந்தமல்லி சாலையில் உள்ள இந்தக் கல்லறைத் தோட்டத்தில் இருப்பவை இரண்டாம் உலகப் போர்க் காலத்து 856 காமன்வெல்த் (பிரிட்டனும் அதன் ஆட்சியோடு சேர்ந்த நாடுகளும்) வீரர்களின் கல்லறைகள். இவர்கள் சென்னையில் நடந்த சண்டையில் விழுந்தவர்களும் அல்ல. தென்னிந்தியாவிலும் கிழக்கிந்தியாவிலும் பல ஊர்க் கல்லறைகளிலும் கன்டோன்மென்ட் (ராணுவக் குடியிருப்பு) கல்லறைகளிலும் புதைக்கப்பட்டிருந்தவர்கள். அங்கெல்லாம் நிரந்தரப் பராமரிப்புக்கு உத்தரவாதம் இல்லாததால், போருக்குப் பின் இங்கே கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள்.

குழப்பம் வருவது உள்ளேயே நிற்கும் 1914–1918 நினைவுச்சின்னத்தால்தான். அதில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் உண்டு, உடல்கள் இல்லை. அந்த வீரர்கள் இந்தியாவின் வேறு வேறு ஊர்களில், பராமரிக்க முடியாத கல்லறைகளில் கிடக்கிறார்கள். பெயரையும் புதைகுழியையும் ஒன்றாக எண்ணிவிடக் கூடாது.

நேரில் போனால் ஒரு கல்லின் முன் குனிந்து தேதியைப் படியுங்கள்: படைப்பிரிவுச் சின்னம், எண், பதவி, பெயருக்குக் கீழே இறந்த நாள் இருக்கும். 1914 கிடைக்காது. போக முடியாதவர்கள் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் தேடலாம். கல்லறைக்கும் நினைவுச்சின்னத்துக்கும் தனித்தனிப் பதிவுகள் உள்ளன.

அந்தச் செய்தி உங்களுக்கு வந்தால் தயவுசெய்து மற்றவர்களுக்கு அனுப்பாதீர்கள். அனுப்பியவருக்கு இந்த விளக்கத்தைக் கொடுங்கள்.