காபிக் கதையில் நடந்தே போனவர்கள்

பெங்களூரில் காபியைப் பற்றி வாய் திறந்தால் இரண்டே நிமிடத்தில் பாபா புதன் வந்துவிடுவார். 17ஆம் நூற்றாண்டில் மெக்காவுக்குப் போய்த் திரும்பிய சூஃபி, ஏமனிலிருந்து ஏழு காபி விதைகளை ஒளித்து எடுத்துவந்து சிக்கமகளூர் மலையில் ஊன்றினார் என்பது கதை. கொட்டையை முளைக்காதபடி பக்குவம் செய்துதான் அரபு வியாபாரிகள் வெளியே விடுவார்களாம். எனக்கும் பிடித்த கதைதான். அவர் பெயரில் ஒரு மலையே இருக்கிறது.

என் எரிச்சல் வேறு. இந்திராநகர் பக்கம் புதிதாகத் திறக்கிற காபிக் கடைகளில் சுவர் முழுக்க உலக வரைபடம் வரைந்துவைக்கிறார்கள். எத்தியோப்பியா, ஏமன், சிக்கமகளூர், ஜாவா, ஆம்ஸ்டர்டாம், மார்த்தினிக், பிரேசில் என்று அம்புக்குறிகள் பாய்கின்றன. ஒவ்வொரு அம்புக்கும் ஒரு சாகசக் கதை. டச்சுக்காரர்கள் 1690களில் மலபாரிலிருந்து செடியை ஜாவாவுக்குக் கொண்டுபோனார்கள். ஆம்ஸ்டர்டாமில் வளர்ந்த ஒரு செடி 1714-ல் பதினான்காம் லூயிக்கு அன்பளிப்பாகப் போனது. தே க்ளியூ என்ற பிரெஞ்சு அதிகாரி, கப்பலில் தன் பங்குக் குடிநீரைச் செடிக்கு ஊற்றி மார்த்தினிக் தீவில் சேர்த்தார் (சொன்னது அவரேதான், சாட்சி கேட்காதீர்கள்). 1727-ல் பலேட்டா என்பவர் பிரெஞ்சு கயானா கவர்னரின் மனைவி தந்த பூங்கொத்துக்குள் விதையை மறைத்து பிரேசிலுக்குக் கொண்டுவந்தார் என்பார்கள்.

சரி, விதை போய்ச் சேர்ந்துவிட்டது. அப்புறம்? காட்டை வெட்டியது யார், நட்டது யார், பழம் பறித்தது யார்?

1780களின் கடைசியில் உலகக் காபியில் ஏறக்குறைய பாதி, பிரான்சின் கையிலிருந்த சான் தொமாங் என்ற ஒரே குடியேற்றத்திலிருந்து வந்தது. விளைவித்தவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவந்த அடிமைகள். பாரிஸ் காபிக் கடைகளில் சுதந்திரம், சமத்துவம் என்று பேசிக்கொண்டிருந்தவர்களின் கோப்பையில் அந்தக் காபிதான் இருந்திருக்கும். 1791-ல் அந்த அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். அப்படிப் பிறந்த நாடுதான் ஹெய்டி. பிரேசில் 1888 வரை அடிமைமுறையை விடவில்லை.

இந்த வரைபடத்தில் நம் ஆட்களுக்கும் ஓர் அம்பு போட்டிருக்க வேண்டும். 1830களிலிருந்து கண்டி மலைக்காடுகளை அழித்து ஆங்கிலேயர்கள் காபி போட்டபோது, வேலைக்குப் போனது நம் தமிழ் மாவட்டங்களின் ஏழைகள். ஆள் சேர்த்து அழைத்துப்போகிற கங்காணியிடம் முன்பணம் வாங்கி, அந்தக் கடனோடு தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கி, அங்கிருந்து வன்னிக் காட்டு வழியாக மாத்தளை வரை நடை. வழியில் நல்ல தண்ணீர் கிடையாது. காலராவிலும் காய்ச்சலிலும் விழுந்தவர்களை அங்கேயே விட்டுவிட்டு மற்றவர்கள் நடந்தார்கள். காபிப் பழம் வருடம் முழுக்கக் காய்ப்பதில்லை என்பதால் பறிப்பு முடிந்ததும் பலர் அதே வழியில் திரும்பினார்கள், அடுத்த பருவத்துக்கு மறுபடி போனார்கள். அங்கே தோட்டம் தோட்டமாகக் காபி வளர்ந்தது இந்தக் கால்களால்.

1869-ல் இலங்கைத் தோட்டங்களில் துரு நோய் தென்பட்டது. இலையைத் திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கம் ஆரஞ்சு நிறத்தில் பொடி. தொட்டால் விரலில் ஒட்டும். கொஞ்ச நாளில் இலை உதிர்ந்து செடி மொட்டையாகிவிடும். இருபது வருடத்துக்குள் இலங்கைக் காபித் தொழில் கிட்டத்தட்ட முடிந்துபோனது. துரைமார் தேயிலைக்கு மாறிக்கொண்டார்கள். கொழுந்து வருடம் முழுக்கக் கிள்ள வேண்டியது. ஆகவே தொழிலாளிகள் குடும்பத்தோடு லயன் என்ற தோட்டத்து வரிசை வீடுகளிலேயே தங்கிப்போனார்கள். பிறகு 1948 குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964-ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்டு எத்தனை பேர் யாருக்கு என்று பங்கு பிரித்தார்கள். திரும்பி வந்தவர்களில் சிலர் இதே கர்நாடகத்தில், சுள்ளியா, புத்தூர் ரப்பர் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டார்கள். இங்கே தமிழர் கூடுகிற எந்த நிகழ்ச்சியிலும் அவர்களைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை.

நாம் பேசுவதெல்லாம் கும்பகோணம் டிகிரி காபியா, மைசூர் ஃபில்டரா என்றுதான். எங்கள் அல்சூர் நண்பர்களின் வாட்ஸப் குழுவில் இந்தச் சண்டை ஓய்ந்ததே இல்லை. இரண்டு கட்சிக்காரர்கள் டம்ளரிலும் இருப்பது பெரும்பாலும் கர்நாடகக் கொட்டை. நாட்டின் காபியில் சுமார் 70 சதவீதம் இங்கேதான் விளைகிறது. தூய காபி என்று மார்தட்டுகிறவரும் மல்லேஸ்வரத்தில் வரிசையில் நின்று "பீபெரி எண்பது, சிக்கரி இருபது" என்றுதான் அரைத்து வாங்குகிறார் (பீபெரி ஒரு வகைக் காபிக் கொட்டை, சிக்கரி ஒரு செடியின் வேரை வறுத்த பொடி). அந்தச் சிக்கரி, நெப்போலியன் காலத்தில் காபிக்குத் தட்டுப்பாடு வந்தபோது ஐரோப்பாவில் பரவிய கலப்பு. குடியுங்கள், நானும் அதைத்தான் குடிக்கிறேன். பெருமையை மட்டும் கொஞ்சம் இடம் மாற்றிவைக்கலாம் என்கிறேன்.

உங்கள் குடும்பத்தில் கண்டிச்சீமைக்குப் போனவர்கள் கதை யாருக்காவது தெரிந்தால், எந்த ஊரிலிருந்து போனார்கள் என்பதோடு கீழே எழுதுங்கள். பாதி நினைவானாலும் பரவாயில்லை. நல்ல டிகிரி காபி எங்கே கிடைக்கும் என்று எழுத வருகிறவர்கள் மன்னிக்கவும், அதற்குத் தனியாக ஒரு பதிவு போடுகிறேன்.